புதைமணல் எவரையும் விழுங்குவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆற்றில் குளிக்கச் சென்றவர்கள் உயிரிழந்த செய்திகள் நம் நாளிதழ்களில் வரும்போதெல்லாம், "புதைமணலில் சிக்கி மூழ்கினர்", "புதைமணல் உள்ளே இழுத்துக்கொண்டது" என்பன போன்ற வரிகளும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. செய்தியாளரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. கரையில் நின்றவர்கள் சொன்னதைத்தான் அவர் எழுதுகிறார். ஆயினும், பொறியியல் கல்லூரியில் மண் இயக்கவியலை நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில், அந்த வரிகளைப் படிக்கும்தோறும் எனக்கு ஒரு கவலை எழுகிறது. மணல் ஆளை இழுக்கும் என்று நம்புகிறவர், தம் கால் மணலுக்குள் இறங்கிய அந்தக் கணத்தில் என்ன செய்வார்? பதறுவார், கைகால்களை உதறுவார், காலை வெடுக்கென்று பிடுங்கப் பார்ப்பார். கரையில் நிற்பவர்களோ அவருடைய கைகளைப் பற்றிப் பலங்கொண்ட மட்டும் இழுப்பார்கள். புதைமணலில் சிக்கியவருக்கு இவற்றைக் காட்டிலும் கேடான செயல்கள் வேறில்லை. ஆகவே, புதைமணல் எவ்வாறு உண்டாகிறது, அதில் விழுந்தவருக்கு உண்மையில் என்ன நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுத இடம் தர வேண்டுகிறேன்.

புதைமணல் என்று தனியாக ஒரு மணல் வகை கிடையாது. வீடு கட்டப் பயன்படும் அதே மணல்கூட, தன்னுள் இருக்கும் நீரின் நிலையைப் பொறுத்துப் புதைமணலாகிவிடும். மணற்பரப்பு நம் எடையைத் தாங்குவதற்குக் காரணம், ஒரு மணியின் மேல் மற்றொரு மணி அழுந்தி நிற்பதும், அவை தொடும் இடங்களில் உண்டாகும் உராய்வும்தான். மணிகளுக்கு இடையிலுள்ள சந்துகளை நிரப்பியிருக்கும் நீரின் அழுத்தம் கூடக் கூட, மணிகள் ஒன்றையொன்று அழுத்தும் விசை குறைந்துகொண்டே வருகிறது. மேலேயுள்ள மண்ணின் முழு எடையையும் நீரே சுமக்கும் அளவுக்கு அந்த அழுத்தம் உயர்ந்துவிட்டால், மணிகளுக்கிடையே அழுத்தம் இராது, அழுத்தம் இல்லாத இடத்தில் உராய்வும் இராது. அதன் பிறகு அந்த மணல் நடந்துகொள்வது ஒரு திரவத்தின் முறைப்படிதான். கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர் 1920-களில் வகுத்துக் கொடுத்த இந்த விதியின் மேல்தான் இன்றைய மண் இயக்கவியல் முழுவதும் எழுப்பப்பட்டிருக்கிறது.

இந்த நிலை இரண்டு வழிகளில் உண்டாகலாம். ஒன்று, கீழிருந்து மேல்நோக்கி நீர் ஊறிவருவது. ஒரு மீட்டர் தடிமனுள்ள மணல் படுகையின் அடிக்கும் மேலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர நீர்மட்ட வேறுபாடு இருந்தாலே போதும், மணிகள் மிதக்கத் தொடங்கிவிடும். பருமணலில் அந்த வேறுபாடு நீடித்து நிற்க வேண்டுமானால் ஏராளமான நீர் பாய வேண்டும். நுண்மணலிலோ ஒரு சிறிய ஊற்றே அதற்குப் போதுமானது. ஆற்று முகத்துவாரங்களிலும் ஓதம் (கடல்நீர் மட்டம் அன்றாடம் உயர்ந்து தாழ்வது) ஏறி இறங்கும் கடற்கரைகளிலும் புதைமணல் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே முதற்காரணம். மற்றொரு வழி, தளர்வாகப் படிந்து நீரில் ஊறிக் கிடக்கும் மணல் திடீரென அதிர்வுக்கு உள்ளாவது. அந்த அதிர்வு நிலநடுக்கமாகவும் இருக்கலாம், ஒரு மனிதனின் காலடியாகவும் இருக்கலாம். 1964 ஜூன் 16-ஆம் நாள் ஜப்பானின் நீகாட்டா நகரில் நிலம் நடுங்கியபோது, அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெரிதாக உடையாமலே ஒருபுறமாகச் சாய்ந்து படுத்தன. மண்ணுக்குள் புதைத்திருந்த தொட்டிகள் தரைக்கு மேலே மிதந்து வந்தன.

தொட்டிகள் மேலே வந்தது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் கல்லூரி ஆய்வகத்தில் எவரும் இதைக் கண்ணால் காணலாம். அடிப்புறத்தில் நீர்க்குழாய் பொருத்திய கண்ணாடித் தொட்டியில் மணலை நிரப்பி, அதன் மேல் ஒரு பித்தளை எடைக்கல்லை வைப்போம். வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்தால் முதலில் ஒன்றும் நேராது. பிறகு மணலின் மேற்பரப்பு மயிரிழை அளவு உப்பும். ஆங்காங்கே மணிகள் குமிழியிட்டுத் துள்ளும். எடைக்கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓசையின்றி உள்ளே போய்விடும். அதே நேரத்தில், முன்பே மணலுக்குள் புதைத்து வைத்திருந்த பிளாஸ்டிக் பந்து மெல்ல மேலே வந்து மிதக்கும். எடைக்கல் மூழ்குவதைப் பார்த்து வியக்காத மாணவர்களும் பந்து எழும்பி வருவதைப் பார்த்து வாய் பிளந்து நிற்பார்கள். கனமானது இறங்குகிறது, இலேசானது மிதக்கிறது. மணலுக்கு இழுக்கும் சக்தி ஏதும் இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை. வால்வை மூடியதும் ஓரிரு நொடிகளில் மணல் இறுகிவிடும். எடைக்கல்லில் முன்பே கட்டி வைத்த நூலை அப்போது இழுத்தால் நூல்தான் அறும், கல் வராது.

மனிதன் அந்த எடைக்கல்லா, அந்தப் பந்தா என்பதே இங்குக் கேள்வி. நம் உடலின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியை ஒட்டியது. கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம். மணலும் நீரும் கலந்த புதைமணலின் அடர்த்தியோ ஏறத்தாழ 2 கிராம். ஆகவே, உடலில் பாதியளவு உள்ளே இறங்கியதும், அது விலக்கிய குழம்பின் எடை உடலின் முழு எடைக்குச் சமமாகிவிடுகிறது. ஆர்க்கிமிடீஸ் சொன்ன விதியின்படி, அதற்கு மேல் மூழ்குவதற்கு வழியே இல்லை. நீந்தத் தெரியாதவர்கூடத் தண்ணீரில் மிதப்பதைவிட இதில் எளிதாக மிதப்பார்.

ஏட்டளவில் இருந்த இந்தக் கணக்கை ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் போனும் அவருடைய குழுவினரும் சோதனையால் உறுதிப்படுத்தி, 2005 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். ஈரானில் கோம் நகருக்கு அருகிலுள்ள உப்பு ஏரிப் பகுதியில், ஒட்டகங்கள்கூட மணலுக்குள் தடயமின்றி மறைந்துபோனதாக இடையர்கள் கூறும் கதைகளைக் கேட்டு, அந்த மண்ணை எடுத்துவந்து அவர்கள் ஆராய்ந்தனர். அதில் நுண்மணல், களிமண், உப்புநீர் ஆகிய மூன்றும் இருந்தன. மனித உடலின் அடர்த்திக்கு ஈடான அடர்த்தியுள்ள அலுமினியக் குண்டுகளை அந்தக் குழம்பின் மேல் வைத்து, கலத்தை எவ்வளவு குலுக்கிய போதிலும் குண்டுகள் பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. ஒட்டகக் கதைக்கு அத்துடன் விடை கிடைத்துவிட்டது.

ஆனால் அந்த ஆய்வில் என்னை மிகவும் ஈர்த்தது அதன் இரண்டாம் பகுதிதான். அசையாமல் கிடக்கும்போது களிமண் துகள்கள் சீட்டுக்கட்டால் கட்டிய வீட்டைப் போல ஒன்றோடொன்று சாய்ந்து நின்று, மணல் மணிகளைத் தளர்வாகத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. பார்ப்பதற்குத் தரை உறுதியாகவே தோன்றும். ஒரு கால் பட்டதும் அந்த அமைப்பு சரிந்து, குழம்பு திடீரென நீர்த்துப்போகிறது. கால் இறங்குவது அந்தக் கணத்தில்தான். அடுத்த கட்டம் அதைவிடக் கொடியது. உப்பின் காரணமாகக் களிமண் துகள்கள் மீண்டும் பழைய அமைப்புக்குத் திரும்பாமல் திரண்டு கட்டியாகின்றன. மணல் அடியில் போய் நெருக்கமாகப் படிகிறது, நீர் பிரிந்து மேலே நிற்கிறது. சிக்கிய கால் இருப்பதோ அடியில், அந்த இறுகிய படிவுக்குள். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற வேகத்தில் அந்தக் காலை வெளியே எடுக்க வேண்டுமானால் ஏறத்தாழ 10,000 நியூட்டன் விசை வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அது ஒரு டன் எடையைத் தூக்குவதற்கான விசை. நடுத்தர அளவுள்ள ஒரு காரைத் தூக்குவதற்கு ஒப்பானது. அவ்வளவு விசையுடன் இழுத்தால் மணல் காலை விடுவதற்கு முன்பே இடுப்பு மூட்டும் முழங்கால் மூட்டும் கழன்றுவிடும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கான விடையின் ஒரு பகுதியை 1885-லேயே ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் அறிஞர் எழுதிவிட்டார். மெரினாவிலோ வேறெந்தக் கடற்கரையிலோ, அலை இறங்கிய ஈரமணலில் அழுத்திக் கால் ஊன்றுகிறவர் குனிந்து பார்த்தால், பாதத்தைச் சுற்றி ஒரு கணம் மணல் வெளுத்து உலர்ந்து போவதைக் காணலாம். நெருக்கமாக அடைந்த மணிகள் நகர வேண்டுமென்றால் ஒன்றன் மேல் ஒன்று ஏறித்தான் நகர முடியும். அப்போது அவற்றுக்கிடையே உள்ள வெற்றிடம் பெரிதாகிறது. அதை நிரப்ப மேற்பரப்பிலுள்ள நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. புதைமணலிலிருந்து காலை வேகமாகப் பிடுங்கும்போதும் இதுவேதான் நிகழ்கிறது. காலுக்கு அடியிலும் சுற்றிலும் திடீரெனப் பெரிதாகும் வெற்றிடத்துக்குள் நீர் வந்து சேர நேரமில்லை. அந்த இடத்தில் அழுத்தம் குறைந்து, சுற்றியுள்ள மணல் காலை மேலும் இறுகக் கவ்வுகிறது. மெல்ல அசைத்தால் நீர் வந்து சேர்ந்து மணலைத் தளர்த்துகிறது. விரைவு கூடினால் பிடி கூடும், விரைவு குறைந்தால் பிடி தளரும். சிக்கியவரும் காப்பாற்ற வந்தவரும் வேறெதை மறந்தாலும் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

இடுப்புக்கு மேல் மூழ்குவதில்லை என்றால், புதைமணலில் மக்கள் இறப்பதே இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். இறக்கிறார்கள். மணல் அவர்களை நிறுத்திவைக்கிறது. கொல்வது பின்னால் வருவது. இதை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள மோர்க்கம் விரிகுடா.

ஏறத்தாழ 310 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த விரிகுடாவில், ஓதம் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல்வெளி தெரியும். பெரிய ஓதங்களின்போது நீர்மட்டம் 10 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. கென்ட் முதலிய ஆறுகள் அந்த மணல்வெளியின் நடுவே வாய்க்கால் வெட்டிப் பாய்ந்து, அடிக்கடி தடம் மாறுகின்றன. ஆறு கைவிட்டுப் போன வாய்க்காலில் அடுத்த ஓதம் கொண்டுவந்து கொட்டும் நுண்மணல் தளர்வாகப் படிகிறது. ஓதம் இறங்கும்போது அடியிலிருந்து நீர் ஊறி அதைத் தளர்த்திக்கொண்டே இருக்கிறது. நேற்று வண்டி போன இடத்தில் இன்று ஆள் நடக்க முடியாது. 1857-இல் இருப்புப்பாதை வரும்வரை, இந்த மணல்வெளியைக் குதிரை வண்டிகளில் குறுக்கே கடப்பதுதான் அப்பகுதி மக்களின் வழக்கம். அவ்வாறு கடக்கும்போது மாண்டவர்களைப் பற்றிய குறிப்புகள் கரையோர ஊர்களின் தேவாலயப் பதிவேடுகளில் காணப்படுகின்றன.

இந்த ஆபத்தைக் கருதி, பயணிகளுக்கு வழிகாட்ட அரச நியமனம் பெற்ற ஒருவரை அமர்த்தும் மரபு அங்கே 16-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடர்கிறது. செட்ரிக் ராபின்சன் என்ற மீனவர் 1963-இல் அப்பொறுப்பை ஏற்று 2019 வரை அதில் இருந்தார். கையில் ஒரு கோலுடன் முன்கூட்டியே நடந்து சென்று, மணலைக் குத்திப் பார்த்து, பாதுகாப்பான தடம் நெடுக லாரல் மரக்கிளைகளை நட்டுவைத்த பிறகே அவர் கூட்டத்தை அழைத்துச் செல்வார். அதற்கு அடுத்த பயணத்தின்போது அதே தடத்தை நம்பமாட்டார். மறுபடியும் போய்க் குத்திப் பார்ப்பார். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த மணலில் நடந்தவர், ஒவ்வொரு முறையும் அதைப் புதிய நிலமாகவே கருதினார் என்பதை நான் மிகுந்த மதிப்புடன் எண்ணிப் பார்க்கிறேன்.

அதே விரிகுடாவில்தான் 2004 பிப்ரவரி 5-ஆம் நாள் இரவு, மட்டி பொறுக்கச் சென்ற சீனத் தொழிலாளர்களில் குறைந்தது 21 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலும் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து வந்த ஏழைகள். மொழி தெரியாதவர்கள், ஓத நேரம் தெரியாதவர்கள், இருட்டில் கரை எந்தப் பக்கம் என்பதும் தெரியாதவர்கள். அங்கே ஓதம் முன்புறமிருந்து மட்டும் வருவதில்லை. முதலில் வாய்க்கால்களில் ஏறி, நிற்பவரின் முதுகுப்புறத்தைச் சுற்றி வளைத்துக்கொண்ட பிறகே மணல்வெளியை மூடுகிறது. அந்தத் தொழிலாளர்களைக் கொன்றது ஓதமும் கடுங்குளிரும். அவர்களை அங்கே வேலைக்கு அமர்த்திய கங்காணி 2006-இல் தண்டிக்கப்பட்டார். கூலியாட்களை அமர்த்தித் தருவோர் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டமும் அந்த நிகழ்வை ஒட்டி 2004-லேயே பிரிட்டனில் இயற்றப்பட்டது. மணலின் மேல் பழியைப் போட்டுவிட்டு அந்த நாடு ஓய்ந்திருந்தால் அந்தச் சட்டம் வந்திருக்காது.

அலாஸ்காவில் ஆங்கரேஜ் நகருக்கு அருகிலுள்ள டர்னகெய்ன் ஆர்ம் என்னும் கடற்கழியில், பனியாறுகள் அரைத்துக் கொண்டுவந்த மாவு போன்ற வண்டல் இதே வேலையைச் செய்கிறது. 1988-இல் அங்கே சேற்றில் கால் சிக்கிய ஒரு இளம்பெண்ணை, மீட்புப் படையினர் அருகிலேயே இருந்து முயன்றும், ஏறிவந்த ஓதத்திலிருந்து காப்பாற்ற முடியவில்லை. 2023-இலும் ஓர் இளைஞர் அதே கழியில் அதே முறையில் இறந்தார். இருவரையும் மணல் விழுங்கவில்லை; கால் சிக்கிய நேரத்துக்கும் நீர் வந்து சேர்ந்த நேரத்துக்கும் இடையே இருந்த இடைவெளி போதவில்லை. மாறாக, 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில் ஓடைப்படுகையில் தொடையளவு கால் புதைந்த ஒருவர், பல மணி நேரம் பனிக்குளிரில் சிக்கிக் கிடந்தும் உயிருடன் மீட்கப்பட்டார். உடன் வந்த தோழி, கையாலும் குச்சியாலும் தோண்டத் தோண்ட மணல் மீண்டும் வந்து நிறைவதைக் கண்டு, அதைக் கைவிட்டு உதவி தேடி நடந்ததுதான் அவரைக் காப்பாற்றியது. அங்கே ஓதம் இல்லை. நேரம் அவருக்குச் சாதகமாக இருந்தது.

ஆகவே, கால் இறங்கும் தருணத்தில் செய்ய வேண்டியவை யாவும் நேரத்தைச் சேமிப்பதற்காகவே. தரை காலடியில் தளதளவென்று அதிர்வதாகத் தோன்றினால், அங்கேயே நின்று யோசிக்காமல், வந்த தடத்திலேயே இலேசாக அடிவைத்துத் திரும்பிவிட வேண்டும். நிற்க நிற்கத்தான் கால் இறங்கும். முழங்கால் வரை இறங்கிவிட்டால், தோளிலும் கையிலும் உள்ள சுமைகளை எறிந்துவிட்டு, நாற்காலியில் உட்காருவதைப் போலப் பின்புறமாகச் சாய்ந்து, கைகளை விரித்து மல்லாந்துவிட வேண்டும். எடை பரவியதும் இறக்கம் நின்றுவிடும். அதன் பிறகு ஒரு காலை மட்டும், மிகச் சிறிய வட்டங்களாக, மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தால் காலுக்கும் மணலுக்கும் இடையே நீர் இறங்கும். விரலளவு தளர்ந்தாலும் அது வெற்றியே. ஒரு கால் வெளிவந்த பின் மற்றதைத் தொடங்கலாம். இடையிடையே ஓய்வெடுக்கலாம், மிதந்துகொண்டிருப்பவருக்கு ஓய்வெடுப்பதால் கேடில்லை. ஆனால் அலைபேசி கையில் இருந்தால், இவை அனைத்துக்கும் முன்பாக உதவிக்கு அழைத்துவிட வேண்டும். தாமே வெளியேறிவிடலாம் என்று எண்ணி அழைப்பைத் தள்ளிப்போடுவதில்தான் ஓதம் வரும் கரைகளில் உயிர்கள் போகின்றன.

காப்பாற்ற வருகிறவர்கள் அருகே ஓடிவந்து நிற்கக் கூடாது. அவர்களின் காலடி அதிர்வே மணலை மேலும் குலைக்கும். பலகை, கதவு, பாய், எது கிடைத்தாலும் விரித்து, அதன் மேல் மண்டியிட்டு நெருங்க வேண்டும். அக்குளுக்கு அடியில் கயிற்றைக் கட்டி, அவர் மேலும் இறங்காமலும் முகம் நீருக்குள் போகாமலும் பிடித்திருக்கலாமே தவிர, வண்டியில் கட்டி இழுக்கவே கூடாது. மோர்க்கம் பகுதியிலும் அலாஸ்காவிலும் பயிற்சி பெற்ற மீட்புப் படையினர், மெல்லிய குழாய் ஒன்றைக் காலை ஒட்டிச் செருகி, அதன் வழியாக நீரைப் பீய்ச்சுகிறார்கள். இறுகிய மணல் காலைச் சுற்றி மீண்டும் குழம்பாகிறது. கால் ஏறக்குறைய தானாகவே வெளிவந்துவிடுகிறது. ஆய்வகத்தில் நாங்கள் வால்வைத் திறந்து செய்ததைத்தான் அவர்கள் மனிதக் காலைச் சுற்றிச் செய்கிறார்கள்.

இத்தனை அறிவும் இந்தியப் பொறியாளர்களுக்குப் புதியது அன்று என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். கங்கையின் குறுக்கே நரோராவில் இருந்த தடுப்பணை 1898-இல் உடைந்ததற்கு, அடித்தளத்துக்குக் கீழே மணலில் ஊறிய நீரின் அழுத்தமே காரணமாயிற்று. அதன் பிறகு, ஊறும் நீர் மணலைத் தூக்கிவிடாதபடி அணைகளின் அடித்தளத்தை எவ்வளவு நீளமாக அமைக்க வேண்டும் என்பதை நம் துறை பல்லாண்டுகள் ஆராய்ந்து விதிகளாக வகுத்தது. அணைக்காக இவ்வளவு அறிந்த நாம், அதே மணலில் இறங்கும் மனிதனுக்காக அந்த அறிவை எளிய தமிழில் எடுத்துச் சொல்லாமல் இருந்துவிட்டோம். இக்குறை என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் உரியது.

நம் ஆறுகளைப் பற்றி ஒரு சொல். காவிரியிலும் கொள்ளிடத்திலும் நேரும் சாவுகளில் பல, நான் மேலே விளக்கிய பொருளில் புதைமணலால் நேர்ந்தவையாக இருக்க இயலாது. மணல் அள்ளிய குழிகளில் நீர் நிரம்பும்போது, அவற்றின் விளிம்பு செங்குத்தாகவும் தளர்வாகவும் நிற்கிறது. முழங்காலளவு நீரில் நடந்துவருகிறவர் அந்த விளிம்பில் கால் வைத்ததும் அது சரிகிறது. அடுத்த அடியில் அவர் தலைக்கு மேல் நீர். குழியின் அடியில் புதிதாகப் படிந்த மணலும் வண்டலும் கணுக்கால் வரை பற்றிக்கொண்டாலே, ஆளுயர நீரில் அது உயிரைப் பறிக்கப் போதுமானது. ஆதலால் "மணல் பிடித்துக்கொண்டது" என்று பிழைத்து வந்தவர் சொன்னால் அதைப் பொய் என்று தள்ள மாட்டேன். ஆயினும், அவருடைய நண்பரைக் கொன்றது அந்தக் குழியும் அதிலிருந்த நீரும். இயற்கையின் விந்தை என்று மணலின் மேல் பழியைப் போடும்போது, குழியை வெட்டியவர் யார், அதை மூடாமல் விட்டவர் யார், அந்த இடத்தில் எச்சரிக்கைப் பலகை ஏன் இல்லை என்ற கேள்விகள் எழாமலே போய்விடுகின்றன. மோர்க்கத்தில் எழுப்பப்பட்ட கேள்விகள் இங்கேயும் எழுப்பப்பட வேண்டும்.

தங்கள் நாளிதழிடம் நான் வேண்டுவது இரண்டு. ஆற்றுச் சாவுகளைப் பற்றிய செய்தியில், அந்த இடத்தில் இருந்தது குழியா, சுழலா, நீரோட்டமா, உண்மையிலேயே ஊறிக் குழைந்த மணலா என்பதைப் நீர்வளத் துறையினரிடமோ தீயணைப்புத் துறையினரிடமோ கேட்டு எழுதச் செய்யுங்கள். ஆடிப்பெருக்குக்கு முந்தைய நாள்களில், ஆற்றங்கரைக்கு வரும் குடும்பங்கள் படிக்கும்படியாக, கால் புதைந்தால் செய்ய வேண்டியவற்றையும், மூழ்குகிறவரைக் காப்பாற்ற ஒருவர் பின் ஒருவராக நீரில் குதிக்காமல் சேலையையோ வேட்டியையோ கயிற்றையோ வீசிப் பிடிக்கச் செய்வதையும் படத்துடன் வெளியிடுங்கள்.

தீயணைப்பு மீட்புப் பணித் துறையினருக்கும் இக்கடிதத்தின் வழியே ஒரு வேண்டுகோள். நீர் பீய்ச்சி மணலைத் தளர்த்தும் முறைக்குத் தேவையான பம்பு அவர்களுடைய வண்டிகளில் ஏற்கெனவே இருக்கிறது. கூடுதலாக வேண்டியவை ஆளுயர நீளமுள்ள மெல்லிய இரும்புக் குழாயும், அதைப் பம்பின் குழாயுடன் சேர்க்கும் ஓர் இணைப்பும், நீர் வரத்தைக் குறைத்துக் கூட்ட ஒரு வால்வும் மட்டுமே. ஆற்றங்கரை ஊர்களிலும் கடலோர ஊர்களிலும் உள்ள நிலையங்களில் இதை வைத்துப் பயிற்சி அளிக்க அத்துறை முன்வருமானால், அதற்கான வரைபடத்தையும், ஆய்வகத் தொட்டியில் செய்து காட்டும் விளக்கத்தையும் கட்டணம் எதுவுமின்றித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மண் இயக்கவியல் பேராசிரியர் (ஓய்வு),
திருச்சிராப்பள்ளி.